லிஃப்ட்காரர் வீட்டுப் பரணும் பெட்டியும்

நாலாம் மாடி லிஃப்ட்காரரை அவர் மனைவி வீட்டை விட்டுத் துரத்திவிட்டார், மனிதர் போக்கிடம் இல்லாமல் தன் காரின் தலைமேல் ஏறிப் படுத்துக்கொள்கிறார் என்பதுதான் எங்கள் குடியிருப்பில் அந்த வாரத்து வதந்தி.

வதந்தி என்று ஒன்று காதில் விழுந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தலை வரைக்கும் போய்ப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதலில் கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மாவைக் கேட்டேன். துரத்தியது உண்மை, தன் காதால் கேட்டது என்றார். என்ன கேட்டது என்றதற்கு, கேட்டவர் சொல்லக் கேட்டது என்றார். அடுத்து வாசல் காவல்காரர். அவர் நேர்மையானவர். விடிகாலையில் தாமே பார்த்ததாகவும், ஆனால் ஒரு கண்ணால்தான் பார்த்ததாகவும், இன்னொரு கண் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். கார் மேல் ஒரு கூடாரம். கூடாரத்துக்கு வெளியே இரண்டு பாதங்கள். பாதத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல முடியுமா என்றேன். கிரீஸ் படிந்த குதிகால் இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கு இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

லிஃப்ட்காரரை உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். எங்கள் கட்டடத்து லிஃப்டும் அவர் கம்பெனிதான், அவர் பொறுப்புதான். பேச்சு குறைவு. ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அதற்கு என்ன வலி என்று அது அவரிடம் சொல்லிவிடும். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார்.

அவர் மனைவி டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவர். இங்கே பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். நாம் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அமுக்கி நம் மானத்தைக் காப்பாற்றுவதால் ஊரே அவரை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடும். என்னை மூன்றாவது தடவையில் பாஸாக வைத்த மகராசி.

இந்த அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. லிஃப்டில் ஏறமாட்டார். கல்யாணமான முதல் வாரத்தில், புது மனைவியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், லிஃப்டில் எதெல்லாம் கெட்டுப்போகும் என்று லிஃப்ட்கார அண்ணன் விளக்கியிருக்கிறார். கயிறு, கதவு, பிரேக், பள்ளத்துத் தண்ணீர், எலி கடித்த ஒயர் என்று விடிய விடிய விளக்கம். மறுநாளிலிருந்து அக்கா படிதான். லிஃப்ட் மாதிரி பத்திரமான வாகனம் உலகத்திலேயே கிடையாதும்மா என்று அவரும் கெஞ்சிப் பார்த்தார். பத்திரம்னா நீங்க எதுக்குத் தினமும் வேலைக்குப் போறீங்க என்று ஒரே கேள்வி. இருபத்தாறு வருடமாக அதற்குப் பதில் தேடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்துக்கு நேரிலேயே போனேன். அவருடைய சாம்பல் நிறக் கார் மேல் கூடாரம் ஒன்று, முட்டைமேல் கோழி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் சாய்ந்த ஏணி. வாசல் துணி விலகி அண்ணன் தலை வெளியே வந்தது.

"அண்ணே, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. மேலதான் நூத்தி அறுபத்தஞ்சு கிலோ இருக்கு."

ஏறிப் பார்த்தேன். உள்ளே மணல் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பதினைந்து என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்றதும் இருவரும் நாற்பது நாள் காரிலேயே ஊர் சுற்றப் போகிறார்கள். தங்குவதற்கு என்ன எடுப்பது என்பதில்தான் சிக்கல். கூடாரக் கடைக்காரர் இரண்டு வழி காட்டியிருக்கிறார். ஒன்று, கார் கூரைமேல் பூட்டுகிற மடக்குக் கூடாரம். விரித்து, ஏணி வைத்து ஏறிப் படுக்க வேண்டியது. இன்னொன்று காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற தாழ்வான டிரெய்லர். ஊரில் போய் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில் இழுபடும், நடுவில் நின்று காபி போடலாம். முன்னதற்கு அக்கா பரண் என்று பேர் வைத்தார், பின்னதற்குப் பெட்டி. இந்த வாரம் பரண், அடுத்த வாரம் பெட்டி, வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் தாராளமாகச் சொல்லிவிட்டார்.

வைத்துப் பார்ப்பது என்றால் நாமெல்லாம் விரித்து, ஒரு போட்டோ எடுத்து, மடித்துவிடுவோம். அண்ணனின் தொழில் தர்மம் வேறு. புது லிஃப்டில் சுமக்க வேண்டிய எடைக்குமேல் கால்பங்கு கூட ஏற்றி, சில மணி நேரம் நிற்கவிட்டு, எங்காவது முனகுகிறதா என்று கேட்ட பிறகுதான் அவர் கையெழுத்துப் போடுவார். பரணுக்கும் அதே மரியாதை. பதினொரு மூட்டை ஏற்றினார். ராத்திரி ஆனதும் ஐந்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தானே படுத்தார். ஐந்து கிலோ குறைந்ததற்கு டூல் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முனகலைக் கேட்கப் படுத்தவர் குறட்டையில் முடித்துவிட்டார். காலையில், ராத்திரி இறக்கிய மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

ஆக, துரத்தல் பொய், தூக்கம் மெய். பாதி வதந்தி பாஸ். நான் அத்தோடு மாடி ஏறியிருக்கலாம். ஆனால் எனக்குள் இரண்டு விஷயம் எலி மாதிரி சுரண்டிக்கொண்டிருந்தது.

முதல் எலி. வீட்டில் பரண்தான் வேண்டும் என்பது அக்கா, பெட்டிதான் வேண்டும் என்பது அண்ணன். உயரத்திலேயே பிழைத்தவர் தரையைக் கேட்கிறார். எந்தச் சந்திலும் ரிவர்ஸ் எடுக்கிற கில்லாடி, பின்னால் ஒரு டிரெய்லரை இழுக்கமாட்டேன் என்கிறார். அவரவர் உத்தியோகத்துக்கு நேர் எதிராக ஒரு வாரமாக விவாதம். அண்ணன் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: தூக்கத்தில் அவருக்கு உயரம் என்றால் பயமாம். பேய்க்கு இருட்டைக் கண்டு பயம் என்றால் நம்புவீர்களா?

இரண்டாவது எலி அந்த நூற்று அறுபத்தைந்து. கணக்கு எப்படி என்று கேட்டபோது, நான் எழுபது, அவ அறுபத்திரண்டு, அதுக்குமேல கால்பங்கு என்றார். எந்த மனைவி எந்தக் கணவனிடம் தன் எடையைச் சொல்லியிருக்கிறாள்? அதைத்தான் கேட்டேன். அக்கா சொன்னாரா?

அண்ணன் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாலாம் மாடி ஜன்னலைப் பார்த்தார். வா என்று என்னை மொட்டைமாடி மிஷின் ரூமுக்கு அழைத்துப் போனார்.

அங்கே போன வருடம் மாற்றிய புது கன்ட்ரோல் பெட்டி. அதன் சின்னத் திரையில் லிஃப்ட் போய்வந்த சரித்திரம் முழுவதும் இருக்கிறது: எத்தனை மணி, எந்த மாடியிலிருந்து எந்த மாடி, எவ்வளவு எடை. பட்டனைத் தட்டித் தட்டிக் காட்டினார். மாலை ஐந்து நாற்பது, கீழிருந்து நாலு, அறுபத்திரண்டு கிலோ. முந்தின நாள், ஐந்து நாற்பத்திரண்டு, கீழிருந்து நாலு, அறுபத்திரண்டு கிலோ. இரண்டு மாதமாக இதே வரி.

நாலாம் மாடியில் இருப்பது இரண்டே வீடு. எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

"கைப்பை இருக்கும். அறுபதுன்னு வச்சுக்கலாம்," என்றார் அண்ணன், மனைவிக்குப் பாதகம் இல்லாமல்.

அண்ணன் வீடு திரும்புவது ஏழு மணிக்கு. அவர் விடுமுறையில் வீட்டில் இருக்கிற நாட்களில் மட்டும் ஐந்து நாற்பது வரி இல்லை. அன்றைக்கெல்லாம் அக்கா படியேறித்தான் வந்திருக்கிறார். முழங்கால் போய்விட்டது, மறைக்கிறார். எதற்கு மறைக்கிறார் என்று தெரியவில்லை. அந்த முழங்காலோடு பரண் ஏணியில் எப்படி ஏறுவார், அதுவும் நாற்பது நாள்? முதல் வாரமே பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டாம் வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். முப்பத்தொரு வருடம் கழித்து அந்த மனிதருக்குக் கிடைத்த ஒரே பயணம், அதில் பக்கத்து சீட் காலியாகப் போகிறது.

"அக்கா கிட்ட நேரடியாச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அவ மறுபடி படியேற ஆரம்பிச்சிடுவா தம்பி."

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதும் தாராளம்.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். எதிர்க் கட்சியின் வாக்குமூலமும் வேண்டுமே. மைதானத்தில் ஒரு வங்கி குமாஸ்தாவுக்கு ரிவர்ஸ் பாடம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் பாருங்க சார், அதுல உங்க முகத்தைப் பாக்காதீங்க என்று அக்காவின் குரல் கேட்டது. பாடம் முடிந்து குமாஸ்தா வியர்வையோடு போன பிறகும் அக்கா இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை வெளியே நீட்டாமல் உட்கார்ந்தே இருந்தார்.

பெட்டி ஏன் வேண்டாம் என்றேன். டிரெய்லர் என்றால் பெட்ரோல் குடிக்கும், பார்க்கிங் கிடைக்காது, பின்னால் வால் ஆடும் என்று அடுக்கினார். இதெல்லாம் அக்காவுக்கு ஒரு பொருட்டா? உட்காரலாம் என்று நான் பின்சீட்டில் கிடந்த காகிதத்தை எடுத்தேன். டிரெய்லர் இழுக்கும் லைசென்ஸுக்கான விண்ணப்பம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. டாக்டர் பக்கம் மட்டும் வெள்ளை.

"அதை வை தம்பி."

வைத்தேன். ஆனால் என் முகத்தில் கேள்விக்குறி அச்சடித்து ஒட்டியிருந்ததோ என்னவோ, அவராகவே சொல்லிவிட்டார். இடது முழங்கால். பெடல் மிதிப்பதில் ஒரு குறையும் இல்லை, படி மட்டும்தான் எதிரி. டிரெய்லர் கொக்கியைக் குனிந்து மாட்ட வேண்டும் என்பதால், டாக்டர் முன்னால் குந்தி எழுந்து காட்ட வேண்டும். எழ முடியாது. எழ முடியவில்லை என்று அவர் எழுதினால் அந்தக் காகிதம் டிரைவிங் டீச்சர் ஃபைலுக்கும் போகும். அங்கே ஒரு ஆபீசர் கண்ணாடியைப் போட்டுப் படிப்பார். படித்துவிட்டு, முழங்காலையும் பெடலையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு அவருக்குப் பொறுமை இருக்குமா?

"பரண் ஏணியில எப்படிக்கா ஏறுவீங்க?"

"மெதுவா."

அவர்கிட்டச் சொல்லிடாதே, பாவம், முப்பது வருஷம் கழிச்சு ஒரு ஊர் பாக்கப் போறாரு என்றார். அங்கேயும் வாக்குக் கொடுத்தேன்.

என் நிலைமையைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க அரைகுறை வதந்தியோடு காலம் தள்ளியவன் மடியில் ஒரே வாரத்தில் முழு உண்மையாக இரண்டு வந்து விழுகிறது, இரண்டையும் அவிழ்க்க முடியாது. ஒன்றை இந்தக் காதிலும் ஒன்றை அந்தக் காதிலும் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற விவகாரம். போட்டால் அக்கா படியேறுவார், அண்ணன் பயணத்தையே ரத்து செய்வார். (இப்போது எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். அண்ணன் படிப்பது இயந்திரக் கையேடு மட்டும். அக்கா பத்திரிகையில் வரும் என் பத்தியை ஒரு தடவை படித்துவிட்டு, இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிற எழுத்து என்று ஒதுக்கிவிட்டார்.)

இரண்டு நாள் யோசித்தேன். பெட்டியை எடுக்க வேண்டும், ஆனால் அக்கா இழுக்கக்கூடாது. அப்படியானால் அண்ணன்தான் இழுக்க வேண்டும். லிஃப்டின் அடிப்பள்ளத்திலேயே குந்தி வேலை பார்த்த முழங்கால், டாக்டர் ஒன்பது தடவை குந்தச் சொன்னாலும் குந்தும். ஆனால் அண்ணன் கார் ஓட்டுவது கடைக்கும் கம்பெனிக்கும் நேர்ரோட்டில் மட்டும். அவருக்கு ரிவர்ஸ் என்பது அடுத்த வீட்டுக்காரர் செய்கிற காரியம். அக்கா சொல்லிக்கொடுக்கலாமே என்றால், அதில்தான் பழைய தகராறு. கல்யாணமான புதிதில் மூன்றாவது பாடத்தில் அக்கா இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவர். தன் அனுபவத்தில் பாதியில் கைவிட்ட ஒரே மாணவர் தன் புருஷன்தான் என்று எல்லோரிடமும் சொல்வார். இனி அவருக்குச் சொல்லித்தருவதில்லை என்பது சபதம்.

சபதத்தை உடைக்க உண்மைக்குச் சக்தி போதாது. ஆகவே இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். வதந்தியைச் சரிபார்க்கிறவன், ஒன்றைச் சொந்தமாகத் தயாரித்தேன். மார்க்கெட் பக்கத்தில் மஞ்சள் கார் வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் ஒருவர் இருக்கிறார். அக்காவிடமே கற்றுக்கொண்டு போய், அக்காவுக்கே எதிர்க்கடை போட்டவர். லிஃப்ட்காரர் ரகசியமாக மஞ்சள் காரில் டிரெய்லர் இழுக்கக் கற்றுக்கொள்கிறார் என்று தையல்காரம்மாவிடம் புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்போதுதான் அது சீக்கிரம் போகும்.

பதினொன்றே காலுக்கு அக்கா போன் செய்தார்.

"தம்பி, இவரு மஞ்சக் கார்லயா போய் உக்காந்திருக்காரு?"

"நானும் கேள்விப்பட்டேன்கா."

"யாரு சொன்னது?"

"பேரு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"எனக்கு அந்தப் பேரு வேணும். முதல்ல இந்த மனுஷனை கவனிச்சிட்டு வரேன்."

வெள்ளிக்கிழமை கடைக்காரர் பரணைக் கழற்றிக்கொண்டு பெட்டியைக் கொண்டுவந்து விட்டார். சனிக்கிழமை பிற்பகல் அக்கா காரின் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, என்னங்க, வந்து ஸ்டியரிங்கைப் பிடிங்க என்று நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். பால்கனிகள் நிரம்பிவிட்டன. அண்ணனுக்குத் தான் மஞ்சள் காரில் படித்த விவரமே தெரியாது. ஏன், எதற்கு என்று கேட்காமல் உட்கார்ந்தார். அதுதான் இருபத்தாறு வருட அனுபவம்.

குறிக்கோள், இரண்டு தூணுக்கு நடுவில் பெட்டியைப் பின்னால் தள்ளி நிறுத்துவது. டிரெய்லர் வலது பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்ப வேண்டும். இதை அக்கா பொறுமையாகத்தான் சொன்னார். அண்ணன் வலது பக்கம் திருப்பினார். பெட்டி தையல் கடையைப் பார்த்துக் கிளம்பியது. தையல்காரம்மா மிஷினோடு உள்ளே போனார்.

"மஞ்சக் கார்ல இதைத்தான் சொல்லிக்கொடுத்தானா?"

"எந்த மஞ்சக் கார்?"

"திருப்புங்க."

ஐந்தாவது தடவையில் அண்ணன் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், கொக்கிக்குப் பக்கத்தில் குந்தினார். கையால் தொட்டுப் பார்த்தார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொக்கியில் ஊன்றிக் காதை வைத்தார். கட்டடமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவர் குந்துவதையும், கையூன்றாமல் சட்டென்று எழுவதையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பொறாமை இருந்ததா, கணக்கு இருந்ததா என்று இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்து, இது லிஃப்டுக்கு எடைக்கல் மாதிரிம்மா, அது மேல போனா இது கீழ, இப்பப் புரியுது என்றார். ஒன்பதாவது தடவை பெட்டி இரண்டு தூணுக்கும் நடுவில், இழுப்பறை மேஜைக்குள் போவது போல நேராகப் போய் நின்றது. காவல்காரர் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார்.

அக்கா தன் தீர்ப்பை அங்கேயே வழங்கினார்.

"ராத்திரி தூக்கத்துல நீங்க ஏணியிலேர்ந்து உருண்டு விழுந்தா யாரு தூக்கறது? உயரம்னா பயம்னு வேற சொல்றீங்க. பெட்டியே எடுத்துக்கலாம். ஆனா நீங்கதான் இழுக்கணும். திங்கக்கிழமை போய் ஃபாரம் வாங்கிட்டு வாங்க."

"சரிம்மா," என்றார் அண்ணன். அந்த முகத்தில் சந்தோஷமோ நிம்மதியோ ஒரு கோடு தெரியவில்லை. லிஃப்ட் கதவு மூடிய மாதிரி வழவழவென்று இருந்தது.

அண்ணன் டாக்டர் முன்னால் குந்தினார், எழுந்தார், பாஸானார். அக்காவின் விண்ணப்பம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. மிஷின் ரூம் திரையில் ஐந்து நாற்பது வரி தொடர்ந்து விழுந்துகொண்டிருந்ததாக அண்ணன் சொன்னார். தெரியும் என்று அவர் சொல்லவில்லை, தெரியட்டும் என்று அக்காவும் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று காலை வாசலில் நின்று பார்த்தேன். அண்ணன் ஸ்டியரிங்கில். பக்கத்தில் அக்கா. சொந்தக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. ஆனாலும் வளைவில் அவர் வலது கால் தரைவிரிப்பை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. வண்டி என் முன்னால் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கினார்.

"மஞ்சக் கார்க்காரனை நேர்லயே போய்க் கேட்டுட்டேன் தம்பி. இவரு அந்தப் பக்கமே வரலியாம். எவனோ வேணும்னே கிளப்பியிருக்கான். பேரு சொல்லு."

"முதல்ல ஊரைப் பாத்துட்டு வாங்கக்கா. வந்ததும் சொல்றேன்."

"சொல்லணும். கடன் இது," என்று கண்ணாடியை ஏற்றினார்.

பத்தொன்பது நாள் ஆகிறது. இதுவரை நாலு போட்டோ வந்திருக்கிறது. ஒரு ஏரி, ஒரு சுங்கச்சாவடி, கையில் ஸ்க்ரூடிரைவரோடு பெட்டியின் சக்கரத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் அண்ணன். நேற்று வந்தது, பெட்டிக்குள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அக்கா காபி குடிப்பது. இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. யார் வைத்தது என்று படத்தில் இல்லை. அதன் கீழே ஒரு வரி: பேரு இன்னும் வரலை.

நான் பதில் எழுத ஆரம்பித்து மூன்று தடவை அழித்துவிட்டேன்.